அறிவியல் எழுத்தும் பயிற்சியும்: மானிப்பாய் முதல் காரியவட்டம் வரை

முன்னுரை

கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையும் அறிவியல் துறைகள் பலவும் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி விண்ணில் செலுத்தப்பட்டது. தமிழும் அறிவியலும் இத்துணை அணுக்கமாக அமைந்த சூழலிலும் ஒரு வினா விடையின்றி நிற்கிறது. அறிவியல் மாணவர் எழுதக் கற்பது யாரிடம்? அறிவியல் துறையார் அதனை மொழித்துறையின் பணியெனக் கருதுகின்றனர். மொழித்துறையாரோ அதனை அறிவியல் துறையின் பணியெனக் கருதுகின்றனர். இரண்டிற்கும் இடையில் மாணவர் தாமே தட்டுத்தடுமாறிக் கற்க நேர்கிறது.

பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்றுக் கல்லூரியில் ஆங்கிலத்திற்கு மாறும் மாணவர்க்கு இவ்விடர்ப்பாடு மிகுதி. அவர்கள் பொருளை அறிந்திருந்தும் அதனை இருமொழியிலும் திருத்தமாக எழுத இயலாது தயங்குகின்றனர். எனவே, அறிவியல் மாணவர்க்கு எழுத்தில் தனிப்பயிற்சி வேண்டுமா, வேண்டுமெனின் அஃது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை அறிவியல் தமிழ் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வகக் குறிப்பு, ஆய்வுக்கட்டுரை, பொதுமக்களுக்கான விளக்கவுரை ஆகிய மூன்றும் இங்கு அறிவியல் எழுத்து எனக் கொள்ளப்படுகின்றன.

வடிவம் இயல்பாக வருவதன்று

பொருளை அறிந்தவர்க்கு எழுத்துத் தானே வரும் என்பது தனிப்பயிற்சியை மறுப்போர் கூறும் முதற்காரணம். வரலாறு இதற்கு அரண் செய்யவில்லை. இலண்டன் அரச கழகத்தின் செயலர் என்றி ஓல்டன்பர்க் 1665இல் தொடங்கிய ஆய்விதழில் தொடக்கக்காலக் கட்டுரைகள் பல மடல்களாகவே அமைந்தன. கண்டவர் கண்டவாறு, நிகழ்ந்தது நிகழ்ந்த வரிசையில் எழுதினர். 1667இல் அக்கழகத்தின் வரலாற்றை எழுதிய தாமசு சுபிராட்டு, அணிகள் மலிந்த நடையை விலக்கி எளிய நடையை மேற்கொள்ள வேண்டுமென வற்புறுத்தினார். முன்னுரை, செய்முறை, முடிவுகள், கலந்துரையாடல் என்னும் நாற்பகுப்பு இருபதாம் நூற்றாண்டில்தான் ஆய்விதழ்களில் பெருவழக்காயிற்று. முந்நூறு ஆண்டுகளில் படிப்படியாக உருவாக்கப்பட்ட ஒரு வடிவத்தை இருபது வயது மாணவர் கற்பிப்பாரின்றித் தாமே கண்டறிய வேண்டுமென எதிர்பார்ப்பது முறையாகாது.

தமிழ் மரபும் இவ்வுண்மையை உணர்ந்தே இருந்தது. நூல் செய்தல் கற்பிக்கத்தக்க தொழில் என்பதாலேயே தொல்காப்பிய மரபியலும் பவணந்தியாரின் நன்னூற் பாயிரமும் நூலுக்குரிய குற்றங்களையும் அழகுகளையும் முப்பத்திரண்டு உத்திகளையும் வகுத்துரைத்தன. இவை செய்யுளின் சுவை பற்றியன அல்ல. கருத்தை முறைப்பட உரைக்கும் நூல் பற்றியன என்பது கருதத்தக்கது.

இவற்றை இன்றைய அறிவியல் தொடரிலும் பொருத்திக் காணலாம். 'நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும்' என எழுதும் மாணவர் குன்றக்கூறல் என்னும் குற்றத்திற்கு ஆளாகிறார். தூய நீர் என்பதும் கடல்மட்ட வளியழுத்தத்தில் என்பதும் விடுபட்டுள்ளன. மலையுச்சியில் அத்தொடர் பொய்யாகிவிடும். இக்குறை கலைச்சொல் அறியாமையால் நேர்ந்ததன்று. தொடர் தாங்க வேண்டிய வரையறையை எழுதியவர் உணராமையால் நேர்ந்தது.

மானிப்பாய்ச் சான்று

தமிழில் அறிவியற் கல்வியும் எழுத்தும் ஒன்றாக இயங்கியதற்குத் தலைசிறந்த சான்று யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிடைக்கிறது. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிசுக்கு கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். 1857 வரையிலும், மீண்டும் 1862 முதல் 1873 வரையிலும் அங்குப் பணியாற்றினார். 1864 முதல் தம் மாணவர்க்கு மேலை மருத்துவத்தைத் தமிழ்வழிக் கற்பித்தார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கும் மேற்பட்டோர்.

இப்பள்ளி வழி வெளிவந்த நூல்களுள் 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், வேதியியல் நூலான 'கெமிஸ்தம்' 1875இலும், உடலியங்கியல் நூலான 'மனுஷ சுகரணம்' 1883இலும் அச்சாயின. இந்நூல்களின் பெயர்களிலேயே வடசொல்லும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவமும் கலந்து நிற்பது சுட்டத்தக்கது. சொல்லாக்க வரலாற்றை ஆராய்வோர் இவற்றை அந்நோக்கிலேயே பெரிதும் மதிப்பிட்டு வந்துள்ளனர்.

ஆயினும் இக்கட்டுரை சுட்ட விழைவது பிறிதொன்று. இம்மொழிபெயர்ப்புகளை எல்லாம் கிரீன் தனியே செய்யவில்லை. அவருடைய மாணவர்கள் நூல்களைப் பகுத்துக்கொண்டு மொழிபெயர்த்தனர். ஆசிரியர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். அவர் தாயகம் திரும்பிய பின்னரும் இப்பணி தொடர்ந்தது. எழுத்துப்பயிற்சி என ஒரு பாடம் அங்கு இருந்ததில்லை. ஆனால் உடற்கூற்றைக் கற்ற மாணவரே உடற்கூற்றை எழுதவும் வேண்டியிருந்தது. எலும்பின் மேற்புறம் எது, உட்புறம் எது என்பதைத் தெளிவுற அறியாதவர் அதனைத் தமிழில் ஒரு தொடராக்க இயலாது. அவ்வகையில் எழுத்தே அறிவைச் சோதிக்கும் உரைகல்லாயிற்று.

கிரீனுக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. கற்பித்தல் நின்றபோது எழுத்தும் நின்றது. நூல்கள் எஞ்சின, நூல் செய்வோரை உருவாக்கும் முறை எஞ்சவில்லை.

சொல்லுக்குக் குழு, தொடருக்கு யார்?

இருபதாம் நூற்றாண்டில் அறிவியல் தமிழ் முயற்சிகள் பெருகின. 1916இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல்லாக்கத்திற்கென ஒரு சங்கம் கண்டு இதழும் வெளியிட்டனர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுப்பை வெளியிட்டது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 1960இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டவகுப்பு தொடங்கப்பெற்றதும், பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடநூல்களை வெளியிட்டதும் அறியத்தக்கன.

இம்முயற்சிகளின் பயன் பெரிது. எனினும் இவற்றுள் பெரும்பாலானவை சொல்லையும் நூலையும் நோக்கி அமைந்தன. எழுதுவோரை உருவாக்கும் பயிற்சியை நோக்கி அமைந்தவை மிகச் சில. பாடப்பொருள் வல்ல பேராசிரியரிடம் கலைச்சொற் பட்டியலைக் கொடுத்தால் நல்ல நூல் கிடைக்கும் என்னும் நம்பிக்கை பல முயற்சிகளின் அடியில் இருந்தது எனலாம். மறுபுறம், தமிழில் அறிவியலைப் பல்லாண்டுகள் தெளிவுற எழுதிய பெ. நா. அப்புசாமி தொழிலால் வழக்கறிஞர். 'திண்ணை இரசாயனம்' எழுதிய இராசாசியும் வழக்கறிஞரே. திருவனந்தபுரத்து விக்கிரம் சாராபாய் விண்வெளி மையத்தில் பணியாற்றிய நெல்லை சு. முத்து போன்று அறிவியலாளராக இருந்து தமிழில் தொடர்ந்து எழுதியோரும் உளர். இவர்கள் தம் முயற்சியால் எழுத்தைப் பழகிக் கொண்டவர்கள். பொருளறிவும் எழுத்துத்திறனும் தனித்தனியே ஈட்டப்படுவன என்பதற்கு இவர்கள் அனைவரும் சான்றாவர்.

அண்டையிலுள்ள மலையாள வரலாறும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1962இல் கோழிக்கோட்டில் தோன்றிய கேரள சாத்திர சாகித்திய பரிசத்து, தொடக்கத்தில் அறிவியல் எழுத்தாளர்களின் கூட்டமைப்பாகவே அமைந்தது. 1966இல் 'சாத்திரகதி', 1970இல் 'யுரீக்கா' என்னும் இதழ்களை அது தொடங்கியது. எழுதுவோர் ஒன்றுகூடித் தம் எழுத்துக்கு இதழ்களையும் அமைத்துக்கொண்டமை அம்மொழிக்கு வாய்த்த பேறாகும்.

அண்மைக்கால முயற்சிகள்

ஆய்வு மாணவரின் எழுத்தில் இந்திய அரசு அமைப்புகள் அண்மையில் கருத்துச் செலுத்தியுள்ளன. நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத்துறை 2018இல் தொடங்கிய அவ்சார் திட்டம், ஆய்வு மாணவர் தம் ஆய்வைப் பொதுமக்களுக்கு விளக்கி எழுதுவதற்குப் பரிசளித்தது. பல்கலைக்கழக மானியக்குழு 2019இன் இறுதியில் ஆய்வு, வெளியீட்டு அறநெறி குறித்த இரு மதிப்பலகுப் பாடத்தை முனைவர் பட்ட மாணவர்க்குக் கட்டாயமாக்கியது. இவை வரவேற்கத்தக்கன. ஆயின் முன்னது போட்டி. பின்னது பெரிதும் அறநெறி பற்றியது. பிறர் எழுத்தைக் களவாடலாகாது எனக் கற்பிக்கும் கல்வி, தம் எழுத்தை ஆக்கிக்கொள்ளும் வழியையும் கற்பித்தல் வேண்டும். எழுத இயலாமையே களவுக்கு ஒரு வாயில் என்பதை ஆய்வு நெறியாளர் பலரும் அறிவர்.

பயிற்சியின் இயல்பு

ஆய்வுமொழி ஆங்கிலமாக இருக்கையில் தமிழில் பயிற்சி எதற்கு என்னும் தடையும் எழக்கூடும். மொழி எதுவாயினும் கருத்தின் வரையறை ஒன்றே. 'வெப்பநிலை கூடியதால் வினையின் வேகம் கூடியது' என்பதும், 'வெப்பநிலை கூடியபோது வினையின் வேகமும் கூடியது' என்பதும் வேறுவேறு கூற்றுகள். முன்னது காரணத்தைக் கூறுகிறது. பின்னது உடனிகழ்ச்சியை மட்டுமே கூறுகிறது. ஆய்வில் கண்டது எது, கருதியது எது என்பதை அவ்விரண்டு சொல்லீறுகள் வேறுபடுத்துகின்றன. 'ஆகும்', 'ஆகலாம்', 'ஆகக்கூடும்' என்னும் முடிபுகளும் உறுதியின் அளவைக் காட்டுவன. இவ்வேறுபாட்டைத் தாய்மொழியில் உணர்ந்த மாணவர் ஆங்கிலத்திலும் அதனைத் தேடுவர்.

இங்குத்தான் தமிழாசிரியரின் பங்கு தெளிவாகிறது. வேற்றுமையும் வினையெச்சமும் கற்பிக்கும் அவர், தொடரின் பொருளை அளந்து காட்டவல்லவர். தரவு அத்தொடரைத் தாங்குமா எனத் தீர்மானிக்கவல்லவர் அறிவியல் ஆசிரியர். ஒருவரின்றி மற்றவர் இப்பயிற்சியை நிறைவேற்ற இயலாது. மாணவர் தாம் செய்த ஒரே ஆய்வை ஆய்வகக் குறிப்பாகவும் கட்டுரையாகவும் பொதுமக்களுக்கான விளக்கமாகவும் எழுதி, இருவரிடமும் திருத்தம் பெறுதல் தக்க தொடக்கமாகும்.

முடிவுரை

அறிவியல் மாணவர்க்கு எழுத்தில் தனிப்பயிற்சி இன்றியமையாதது என்பதும், அப்பயிற்சி பாடப்பொருளிலிருந்து பிரிந்து நிற்றலாகாது என்பதும் இவ்வாய்வின் முடிவுகளாம். இரு துறைகளை இணைக்கும் முயற்சிக்குக் காரியவட்டத்திலேயே முன்மரபு உண்டு. கேரளப் பல்கலைக்கழகத்தில் தமிழும் பின்னர் மொழியியலும் கற்பித்த வ. அய். சுப்பிரமணியம், 1981இல் நிறுவப்பெற்ற தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அறிவியலுக்கெனத் தனிப்புலம் கொண்டதாக அப்பல்கலைக்கழகம் அமைந்தது. புலங்கள் அமைந்தன, களஞ்சியங்கள் வெளிவந்தன. மாணவரின் கையில் எழுதுகோலைக் கொடுத்து அவர் எழுதியதைத் திருத்தும் பணி எஞ்சியுள்ளது. மானிப்பாயில் ஓர் ஆசிரியரும் சில மாணவரும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செய்துகாட்டிய அப்பணியை, ஒரே வளாகத்தில் வாழும் இரு துறைகள் மேற்கொள்ள இயலாதெனக் கூறுவதற்கில்லை.