கரிசல் நிலத்துப் புனைவுகளும் ஆவணங்களும்

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1982இல், கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அவர் தொகுத்த அகராதி அச்சேறியது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் ஏர்பிடித்த சம்சாரி ஒருவர் நாவல் எழுதியது வியப்பென்றால், நாவலாசிரியர் ஒருவர் அகராதி தொகுக்க முற்பட்டது அதனினும் பெருவியப்பு. புனைவெழுத்தில் பெயர்பெற்ற ஒருவர் ஏன் அகரவரிசையில் சொற்களை அடுக்க வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவோர் கரிசல் இலக்கியத்தின் வரலாற்றுக்குள்ளேயே நுழைந்துவிடுகின்றனர்.

இந்நிலத்தில் கதையும் ஆவணமும் தனித்தனியே வளரவில்லை. ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்பியே வந்துள்ளது. ஆயினும் இலக்கிய அன்பர்களின் படிப்புப் பழக்கம் வேறாக இருக்கிறது. கவிதை எழுதுவோர் கவிதையும் சிறுகதையும் படிக்கின்றனர். வரலாறு, வேளாண்மை, இசை, சட்டம் ஆகியவற்றை அந்தந்தத் துறையினருக்கென ஒதுக்கிவிடுகின்றனர். இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. கதையை மட்டும் படிப்பவருக்கு வறட்சி ஓர் உவமையாகிவிடுகிறது. ஆவணத்தை மட்டும் படிப்பவருக்கு மனிதர்கள் தீர்வைக் கணக்கின் எண்களாகிவிடுகின்றனர். எனவே இவ்விருவகை நூல்களையும் இணைத்துப் படிப்பதே தக்க முறை. அவ்வாறு இணையத்தக்க சில நூல்களை வரலாற்று நிரலில் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எட்டயபுரம்: ஓர் அரசவை, மூன்று நூல்கள்

எட்டயபுரம் சமஸ்தானத்தை அறிய மூன்று நூல்கள் உள்ளன. முதலாவது, 1879இல் வெளிவந்த 'வம்சமணி தீபிகை'. அரச மரபின் வரலாற்றை அரசவை சார்ந்த ஒருவர் உரைத்த நூல் இது. இரண்டாவது, சுப்பராம தீட்சிதர் தெலுங்கில் இயற்றி 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதி நாள்களைக் கழித்து 1835இல் மறைந்த ஊர் எட்டயபுரம். அவருடைய கீர்த்தனைகளைச் சுரதாளக் குறிப்புகளோடு காத்துத் தந்த பெருநூல், ஆறு பாயாத இந்த மானாவாரி நிலத்தின் அச்சகம் ஒன்றிலிருந்தே வெளிவந்தது. மூன்றாவது, பாரதியாரின் முற்றுப்பெறாத 'சின்னச் சங்கரன் கதை'. கவுண்டனூர் ஜமீன் என்று பெயர் மாற்றிச் சொல்லப்பட்டாலும், அதில் எள்ளப்படுவது பாரதியார் இளமையில் கண்ட எட்டயபுரம் அவையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஒரே அவை மூன்று நூல்களில் மூன்று முகங்களோடு தோன்றுகிறது. மரபு வரலாற்றில் அதன் பெருமிதம். இசைநூலில் அது புரந்த கலையின் ஆழம். எள்ளல் கதையில் வெட்டிப் பொழுதும் முகத்துதியும். எள்ளலைப் படித்தவர் இசைநூலை மறந்தால் அவ்வவைக்கு அநீதி இழைத்தவராவார். மரபு வரலாற்றை மட்டும் படித்தவர் அவ்வவை புறக்கணித்த கவிஞரை அறியாதவராவார். பாரதியாரும் 'வம்சமணி தீபிகை'யை ஒதுக்கிவிடவில்லை. அதன் நடையைத் திருத்திப் புதுக்கித் தர விழைவதாக 1919இல் எட்டயபுரம் மன்னருக்குக் கடிதம் எழுதினார். அவ்விழைவு நிறைவேறவில்லை. அவையை எள்ளிக் கதை எழுதிய கையே அவ்வவையின் வரலாற்றைச் செப்பனிடவும் முன்வந்தது என்பதைக் கவிஞர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

பாஞ்சாலங்குறிச்சி: பாட்டும் படையதிகாரியின் குறிப்பும்

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். இன்று பெரும்பாலோர் நெஞ்சில் நிற்கும் கட்டபொம்மன் 1959ஆம் ஆண்டுத் திரைப்படம் தந்த உருவமே. அதனைக் கடந்து செல்ல விரும்புவோர் இரு நூல்களை அடுத்தடுத்துப் படிக்கலாம். ஒன்று, நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல். மற்றொன்று, 1801ஆம் ஆண்டுப் போரில் கும்பினிப் படையில் நின்று பொருத ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தம் போர் நினைவுகள்.

கதைப்பாடல் நாட்டார் நெஞ்சின் பதிவு. அதில் ஆண்டும் எண்ணும் பிறழலாம், பற்றும் துயரும் பிறழவில்லை. வெல்ஷின் நூலோ வென்ற தரப்பின் பதிவு. எனினும் பேச இயலாத ஊமைத்துரையைப் பற்றி எழுதுமிடத்தில் அவர் தம் வியப்பை மறைத்துக்கொள்ளவில்லை. பகைவன் பாராட்டும் இடத்தையும் பாடகன் அழும் இடத்தையும் ஒருசேரக் காணும்போதே அவ்வீரனின் முழு உருவம் புலப்படும். இவற்றோடு கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கால்டுவெல் சான்றுகளைத் தொகுப்பதில் கடும் உழைப்பாளி. ஆயினும் கும்பினி ஆட்சி வந்தபின் அமைதி பிறந்தது என்ற முடிவோடு எழுதுபவர். ஆவணம் என்பதனாலேயே ஒரு நூல் நடுநிலை உடையதாகிவிடாது.

கழுகுமலையும் சிவகாசியும்

1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் நடந்த சாதிக் கலவரங்கள் இம்மண்ணின் ஆறாத புண்கள். தேரோடும் தெருவில் ஊர்வலம் செல்லும் உரிமை, கோயிலுள் நுழையும் உரிமை ஆகியவை குறித்து எழுந்த பூசல்கள் ஊர்களை எரித்தன. கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று 1908இல் நுழைவு கோரியோர்க்கு எதிராக முடிந்தது. இவற்றைப் பற்றிய குடும்பக் கதைகள் வீடுதோறும் உண்டு. ஒரு வீட்டுக் கதை மறு வீட்டில் வேறு கதையாகும் என்பதே இடர்.

பூமணியின் 'அஞ்ஞாடி' 2012இல் வெளிவந்து 2014ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கங்களைக் கடந்த இந்நாவல் உழைக்கும் குடும்பத்துச் சிறுவர் இருவரின் நட்பிலிருந்து தொடங்கித் தாது வருடப் பஞ்சம், கழுகுமலை, சிவகாசி என விரிகிறது. ஆசிரியர் ஆவணக் காப்பகச் சான்றுகளைத் தேடிப் படித்தே இதனை எழுதினார். இதனோடு இணைத்துப் படிக்கத்தக்கது, ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாடார் சமூக வரலாறு. ஆய்வுநூல் காரணங்களை நிரல்படுத்துகிறது. நாவல் அக்காரணங்களுக்குள் சிக்கிய அடுப்பையும் ஆட்டுக்கிடையையும் காட்டுகிறது. முன்னோர் செய்த பிழைகளை வெறுப்பின்றிப் பேசும் பக்குவம் இவ்விரட்டைப் படிப்பால் வாய்க்கக்கூடும். கோவில்பட்டி வட்டாரத்தில் இலக்கியம் பேசுவோர்க்கு இதனினும் இன்றியமையாத பயிற்சி வேறில்லை.

பூமணியின் 'பிறகு' (1979), 'வெக்கை' (1982) ஆகியவற்றை அடுத்த படியாகக் கொள்ளலாம். 'வெக்கை' 2019இல் 'அசுரன்' திரைப்படமானபின் பலர் அதனைப் பழிவாங்கும் கதை என்றே கருதுகின்றனர். மூல நாவலோ தந்தையும் மகனும் காட்டில் மறைந்து வாழும் நாள்களின் உணவையும் உறக்கத்தையும் பேசுவது. நூலைப் படிப்பதால் இவ்வேறுபாடு விளங்கும்.

இடைசெவல்: கதவும் தீர்வையும்

இடைசெவல் என்னும் சிற்றூர் 1923ஆம் ஆண்டில் பிறந்த இரு நண்பர்களைத் தமிழுக்குத் தந்தது. கு. அழகிரிசாமி 1970இல் மறைந்தார். அவ்வாண்டே 'அன்பளிப்பு' தொகுதிக்குச் சாகித்திய அக்காதெமி விருது அறிவிக்கப்பெற்றது. கி. ராஜநாராயணன் 2021வரை வாழ்ந்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991இல் அதே விருதைப் பெற்றார். அழகிரிசாமி சிறுகதையாளர் மட்டுமல்லர், பதிப்பாசிரியருமாவார். கழுகுமலை முருகன்மேல் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்தைப் பதிப்பித்தார். கம்பராமாயணப் பதிப்பிலும் உழைத்தார். அவர் தம் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் தனி நூலாக வந்துள்ளன. 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் படித்தபின் அக்கடிதங்களைப் படிப்பவர், அவருடைய கதைகளில் குழந்தைகளுக்குக் கிட்டும் கனிவின் ஊற்று எதுவென அறிவர்.

கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதையில் தீர்வைப் பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவு கழற்றி எடுத்துச் செல்லப்படுகிறது. அக்கதவே குழந்தைகளுக்கு விளையாட்டு வண்டியாக இருந்தது. இக்கதையைப் படித்தபின், 1917இல் வெளியான எச். ஆர். பேட்டின் திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடியில் நிலவரி பற்றிய பகுதியைப் படித்துப் பார்க்கலாம். திருநெல்வேலிச் சீமையை நன்செய், கலப்பு, புன்செய் என மண்டலங்களாகப் பிரித்து ஆராயும் டேவிட் லட்டனின் உழவர் வரலாற்றையும் (1985) துணைகொள்ளலாம். ஆற்றங்கரைக்கும் கரிசலுக்கும் இடையே நீரின் அளவிலும் குடிகளின் கட்டமைப்பிலும் நிலவிய வேறுபாடு அப்போது தெளிவாகும். மழை பொய்த்த ஆண்டிலும் தீர்வை பொய்க்காது என்னும் உண்மை கதையில் ஒரு கதவாக நிற்கிறது.

அகராதியின் இடமும் இதுவே. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. அங்கு உருவான பருத்தி இரகங்கள் ஊரின் முதலெழுத்தைத் தாங்கின. இரகப் பெயர்கள் ஏட்டில் நிலைத்தன. ஆனால் பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த காட்டில் களைக்கும் காற்றுக்கும் மாட்டின் குணத்துக்கும் சம்சாரிகள் வைத்திருந்த பெயர்களை எந்த அலுவலகமும் பதியவில்லை. பயிர் மறைந்தால் பெயரும் மறையும் என்பதைக் கதாசிரியர் உணர்ந்தார், எஸ். எஸ். போத்தையா போன்ற சேகரிப்பாளர்களும் உணர்ந்திருந்தனர். கதையைக் காக்கவே அகராதி தேவைப்பட்டது.

கண்மாயும் தீப்பெட்டியும்

சோ. தர்மனின் 'சூல்' (2016) உருளைக்குடிக் கண்மாயின் கதை. 2019ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. மடையைத் திறப்பவரும் கரையைக் காப்பவரும் ஊர்ப்பொதுவில் கடமையாற்றிய முறையையும், அம்முறை சிதைந்ததையும் அது விவரிக்கிறது. இதனோடு பொறியாளர் பழ. கோமதிநாயகத்தின் பாசன வரலாற்று நூல்களைப் படித்தல் நன்று. குடிமராமத்து மக்களின் வழக்கமாக இருந்தது. அதனை 1858ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய உழைப்பாக எழுதிவைத்த பின்னும் கண்மாய்கள் தூர்ந்தே போயின. இதற்கான காரணங்களை நாவலும் வரலாறும் வெவ்வேறு வழியில் ஆராய்கின்றன.

1923இல் சிவகாசியைச் சேர்ந்த இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். மானம் பார்த்த பூமிக்கு அத்தொழில் கூலி தந்தது. சிறுவர் சிறுமியரின் விரல்களையும் கேட்டது. அவர்கள் வாழ்வைக் களத்தில் சென்று கண்டு ராஜம் கிருஷ்ணன் எழுதிய நாவல் 'கூட்டுக்குஞ்சுகள்'. இதற்கு இணையாகப் படிக்க வேண்டியது ஒரு தீர்ப்பு. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், இடர்மிகு தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியாகச் செலுத்த வேண்டும் என்றது. நாவலில் இருள் பிரியும் முன்னே எழுப்பப்படும் குழந்தை, தீர்ப்பில் ஒரு தொகைக்கு உரியதாகிறது. இரண்டையும் படித்தவரே அத்தொகையின் போதாமையையும் தேவையையும் ஒருங்கே உணர்வர். எழுத்தாளர் செக்காவ் 1890இல் சகாலின் தீவுக்குச் சென்று கைதிகளைக் கணக்கெடுத்து, அதனைக் கதையாக்காமல் அறிக்கை நூலாகவே எழுதியதை இங்கு ஒப்புநோக்கலாம்.

பதிவில் குறையும் பெண்குரல்

மேற்கூறிய நூல்வரிசையில் ஒரு குறை வெளிப்படை. கரிசலின் புகழ்பெற்ற புனைவாளர் வரிசையில் ஆடவர் பெயர்களே மிகுதி. ஆவணங்களிலோ பெண்கள் அதனினும் அரியர். இத்தனைக்கும் கழுகுமலைச் சமணச் சிற்பங்களின்கீழ் உள்ள வட்டெழுத்துப் பொறிப்புகளில் குரத்தியர் எனப்பட்ட பெண்துறவியரின் பெயர்கள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இடம்பெற்றுவிட்டன. அதன்பின் நேர்ந்த நெடிய மௌனத்தை ஓரளவு நிரப்புவன நாட்டுப்பாடல்களே. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்க'ளில் (1964) உள்ள தாலாட்டும் ஒப்பாரியும் பாடியோர் பெயரின்றி நிற்கும் பெண்களின் வரலாறு. அவற்றைக் கவிதையாகவும் ஆவணமாகவும் ஒருங்கே படித்தல் தகும்.

நிறைவாக

இப்பட்டியலில் வறட்சியும் பூசலும் மட்டுமே நிறைந்தால் அதுவும் ஒருபக்கப் பார்வையாகும். நாகலாபுரத்தில் வாழ்ந்த நாடகப் பாடலாசிரியர் மதுரகவி பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகள், மேடைக்குப் பின்னிருந்த வரவுசெலவையும் பயணத்தையும் காட்டும். கோவில்பட்டிக் கவிஞர் தேவதச்சனின் கவிதைகளோ கரிசல் என்னும் முத்திரை ஏதுமின்றி, அன்றாடத்தின் சிறு கணங்களை வியந்து நோக்குவன. ஒரு நிலத்தில் பிறந்த எழுத்து அந்நிலத்தையே பேசியாக வேண்டும் என்பதில்லை.

பத்தாண்டு காணும் ஓர் இலக்கிய வட்டம் அடுத்த ஆண்டில் மாதம் ஓர் இணை நூல்களை எடுத்துக்கொள்ளலாம். முதலில் கதை, அடுத்த கூட்டத்தில் அதற்குரிய ஆவணம். பிறகு கழுகுமலைக் குன்றிலோ கண்மாய்க் கரையிலோ அமர்ந்து உரையாடல். படிப்பது மட்டும் போதாது. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய தீர்வை இரசீது, பாட்டி பாடும் ஒப்பாரி, வழக்கிழந்துவரும் ஒரு களைச்செடியின் பெயர் ஆகியவற்றை உறுப்பினர் ஒவ்வொருவரும் எழுதிவைத்தல் வேண்டும். நாவல் எழுதிய கை அகராதியையும் தொகுத்த மண் இது. கவிதை எழுதும் கைகளுக்கும் அப்பணியில் பங்கு உண்டு.