குடகு நாடும் குலப் பாட்டும்

காவிரிப் புனலால் விளைந்த நெல்லை உண்டு வாழும் நம்மவருள், அந்நதி தோன்றும் நாட்டின் மக்களைப் பற்றி அறிந்தவர் மிகச் சிலரே. ஐப்பசியில் மாயூரத்திலே துலா ஸ்நானம் செய்கின்றோம். அம்மாதப் பிறப்பன்று பிரமகிரிச் சாரலில், தலைக்காவிரியின் சிறு குண்டிகையில் நீர் பொங்கி எழுவதைத் தரிசிக்கக் குடகு மக்கள் திரளாகக் கூடுகின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்நாட்டின் இயல்பையும், அங்குள்ள கொடவர் என்னும் சிறு சமூகத்தார் தம் குலமரபைக் காத்த வகையையும் ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுந்தோம். அவ்வரலாற்றில் நம் சங்கத்தார் கொள்ளத்தக்க படிப்பினை ஒன்று உண்டு.

குடகு, கருநாடகத்தின் தென்மேற்கு மூலையில் மேற்குத் தொடர்ச்சி மலைமேல் அமைந்த நாடு. அதன் பரப்பு சுமார் 4,100 சதுர கிலோமீட்டர். அங்குள்ள சிகரங்களுள் உயர்ந்ததாகிய தடியண்டமோள் 1,748 மீட்டர் உயரமுடையது. தென்மேற்குப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மேகங்களை இம்மலைகள் தடுத்து நிறுத்துதலால், தலைநகராகிய மடிக்கேரியில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகின்றது. கிழக்கே மலை இறங்க இறங்க மழையும் குறைந்து, சமவெளியை அணுகுமிடத்தில் பாதிக்கும் கீழாகின்றது. பள்ளத்தாக்குகளில் நெல்வயல்களும், சரிவுகளில் காப்பித் தோட்டங்களும், அவற்றின் நிழல்மரங்களிலே படர்ந்த மிளகுக் கொடிகளும் கண்ணைக் கவரும். ஐரோப்பியர் காப்பித் தோட்டம் வைக்கத் தொடங்கியது 1854-ஆம் வருஷம். அதற்கு நெடுங்காலம் முன்னரே நெல்லே அந்நாட்டின் உயிராக இருந்தது. ஊர்தோறும் தெய்வத்துக்கென்று விடப்பட்ட தேவரகாடு என்னும் சோலைகளும் உண்டு.

மழையின் போக்கே அம்மக்களின் திருநாட்களை வகுத்துள்ளது. அடைமழையில் நாற்று நட்டு முடிந்தபின், ஆவணியில் ஆயுதங்களை வரிசையாக வைத்துப் பூசிப்பர். அது கைல் முகூர்த்தம் எனப்படும். கதிர் முற்றியபின் கார்த்திகையை ஒட்டி நிலவொளியில் வயலுக்குச் சென்று முதற்கதிர் அறுத்து வருவர், அது புத்தரி. புத்தரி என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் அது புது அரிசி என்பது தமிழர்க்கு விளங்கும். அவர்கள் மொழியும் நம் மொழியின் இனத்ததே.

ஒரு முன்னோன் வழிவந்த குடும்பத்தார் அனைவரும் ஓர் ஒக்கம். ஒவ்வோர் ஒக்கத்துக்கும் வயலை நோக்கி நிற்கும் ஐன்மனை என்னும் மூதாதையர் இல்லம் உண்டு. போர்ச்சேவைக்காகக் குறைந்த தீர்வையில் அரசர் அளித்த ஜம்மா நிலம் ஒக்கத்துக்குப் பொதுவாயிருந்தது. தனியொருவர் அதனை விற்றல் மரபன்று. திருமணத்தில் புரோகிதர் இல்லை. முதியோரே முன்னின்று அரிசி தூவி வாழ்த்துவர். இவ்வளவும் போற்றத்தக்கனவே. ஆயினும் அவ்வயல்களில் மழையில் நனைந்து உழைத்தோர் ஒக்கத்தார் மட்டுமல்லர். ஏரவர் முதலிய எளிய மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கட்டுண்டு உழைத்தனர். அதனை மறைத்துப் பெருமை மட்டும் பேசுவது சரித்திரமாகாது. இது நம் குலத்துக்கும் பொருந்தும் என்பதை நாம் மறத்தல் தகாது.

குடகை ஆண்ட ஹாலேரி வமிசத்து அரசர் லிங்காயத மதத்தினர். அவருள் தொட்ட வீரராஜேந்திரர் தம் வமிச வரலாற்றை நூலாகவே எழுதுவித்தார். 1834-ஆம் வருஷம் சிக்க வீரராஜேந்திரரைக் கும்பினியார் அரசினின்று நீக்கி நாட்டைக் கைக்கொண்டனர். சுதந்தரத்துக்குப் பின் தனி இராஜ்யமாயிருந்த குடகு, 1956-ஆம் வருஷம் மைசூருடன் இணைந்தது. அரசர் சரித்திரம் ஏட்டில் இருந்தது. குடிகளின் சரித்திரமோ, திருமணத்திலும் சாவிலும் புத்தரியிலும் நால்வர் கூடித் துடி கொட்டிப் பாடும் பாட்டில் மட்டுமே இருந்தது. பாடுவோர் மறைந்தால் அதுவும் மறையும்.

இதனை உணர்ந்தவர் நாடிகேரியண்ட சின்னப்பா என்பவர். 1875-ல் பிறந்து 1931-ல் காலஞ்சென்ற இவர் காவல் அதிகாரியாக உத்தியோகம் பார்த்தவர். முதியோர் வாயிலாகக் கேட்ட பாட்டுகளையும் பழமொழிகளையும் வழக்கங்களையும் கன்னட எழுத்தில் எழுதித் தொகுத்து, 1924-ஆம் வருஷம் 'பட்டோலெ பளமெ' என்னும் பெயரால் வெளியிட்டார். அந்நூலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாட்டுகளே. 2003-ஆம் வருஷம் அவருடைய பேரர் முறையினர் இருவர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டனர். 2011-ஆம் வருஷக் குடிக்கணக்கில் கொடவ மொழியைத் தாய்மொழியாகக் கூறியோர் சுமார் 1,14,000 பேர் மட்டுமே. மொழி இவ்வாறு அருகிவருங் காலத்தில், ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒருவர் எடுத்த முயற்சி அச்சமூகத்துக்கு எத்துணைச் செல்வம் என்பது சொல்லாமலே விளங்கும்.

நம் நிலைமை யாது? நம் இல்லத்து மூதாட்டியார் ஒருவர் நடவுப் பாட்டும் தாலாட்டும் குலதெய்வக் கதையும் இரவெல்லாம் பாட வல்லவர். நாளை எழுதிக்கொள்வோம், அறுப்பு முடியட்டும் என்று நாள் கடத்தினோம். அவர் காலஞ்சென்றார். இப்போது நமக்கு நினைவிருப்பது இரண்டொரு அடிகளே. இக்குறை நம்முடையது, பிறரை நோவதற்கில்லை.

ஆதலின் அங்கத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் இது: வீட்டிலுள்ள முதியோரிடம், சிறப்பாகப் பெண்மக்களிடம், அவர் அறிந்த பாட்டையும் கதையையும் கேட்டு, சொல்லை மாற்றாது அவ்வண்ணமே எழுதுக. பாடியவர் பெயரும் ஊரும் எழுதிய நாளும் குறிக்க. நமக்குப் பெருமை தராத செய்தியாயினும் விலக்கற்க. வரும் தை மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒரு பாட்டேனும் வந்து சேருமாயின், இதனை எழுதிய பயனை நாம் பெற்றோராவோம்.