காப்பாற்றப்பட்ட பிள்ளைகளின் வகுப்பறை

மருத்துவ வரலாற்றில் வெற்றிக் கதையாகச் சொல்லப்படும் நோய்களில் ஒன்று பீனைல்கீட்டோனூரியா. சுருக்கமாக பி.கே.யு. அந்த வெற்றிக்குள்ள ஒரு வகுப்பறையும் இருக்கு. அதைப் பற்றி நாங்கள் கதைக்கிறது குறைவு.

இது தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வரும் மரபணுக் கோளாறு. புரத உணவிலுள்ள பீனைலலனினை உடலால் மாற்ற முடியாது. அது இரத்தத்தில் சேர்ந்து மூளையைப் பாதிக்கும். அறிவு வளர்ச்சி குன்றிய தன் இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன காரணம் எண்டு நோர்வேத் தாய் ஒருவர் விடாமல் தேடினார். 1934இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தப் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்து நோயைக் கண்டுபிடித்தார். 1953இல் பேர்மிங்ஹாமில் ஹோர்ஸ்ட் பிக்கெலும் கூட்டாளிகளும் பீனைலலனின் குறைந்த உணவு பலன் தருவதைக் காட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் றொபேர்ட் குத்ரி, குழந்தையின் குதிக்காலில் எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டே நோயை அறியும் முறையைக் கொண்டுவந்தார். பிறந்த உடனேயே உணவைக் கட்டுப்படுத்தினால் கடும் பாதிப்பைத் தடுக்கலாம் எண்டாச்சு.

ஆனால் மூளை வளர்ச்சியின் முக்கிய கட்டம் முடிஞ்சுது எண்டு நம்பி, பல இடங்களில் 5, 6 வயதளவில் அந்த உணவை நிறுத்திவிட்டார்கள். சரியாகப் பள்ளிக்கூடம் தொடங்குற வயது! பிள்ளைகள் நடந்தார்கள், கதைத்தார்கள், விளையாடினார்கள். ஆனால் பலருக்குக் கவனம் சிதறியது, படிப்பில் பின்தங்கினார்கள், நுண்ணறிவுப் புள்ளிகளும் இறங்கின.

காரணம் இரத்தத்திலதான் இருந்தது. பீனைலலனினை உடல் தைரோசினாக மாற்ற வேண்டும். அதிலிருந்துதான் டோபமின் உருவாகிறது. கவனத்தைப் பிடித்து வைக்க மூளையின் முன்பகுதிக்கு டோபமின் தேவை. உணவைத் தொடர்ந்த பிள்ளைகளிலும், பீனைலலனின் அளவு கொஞ்சம் கூடியிருந்தவர்களுக்கு, ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்வது கஷ்டமாக இருந்தது. 1990களில் அடேல் டயமண்ட் என்ற ஆய்வாளர் இதைக் காட்டினார். 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய நிபுணர் குழு, வாழ்நாள் முழுக்க உணவுக் கட்டுப்பாடு வேண்டும் எண்டு பரிந்துரைத்தது.

குத்ரியின் சோதனைக்கும் இந்தப் பரிந்துரைக்கும் இடையில ஏறக்குறைய 40 வருஷம். அந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் 'படிக்கப் பஞ்சி', 'குழப்படி' எண்டு பெயர் வாங்கியிருப்பார்கள்? கடும் பாதிப்பு வராததையே வெற்றி எண்டு எண்ணியவர்கள், அந்தப் பிள்ளை கணக்குப் பாடத்தில் எப்படி இருக்குது எண்டு கேட்கப் பிந்திவிட்டார்கள்.

கவனம் சிதறுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் மரபணு நோய் எண்டு நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்கிறதுக்கு முதல் காரணத்தைத் தேடுவம். அந்த நோர்வேத் தாய் செய்ததும் அதுதான்.