60 மில்லிகிராம்: சத்து மாத்திரை பிறந்த கதை

சேலம் சூரமங்கலத்தில் கர்ப்பமான பெண் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், முதலில் விரல் நுனியில் ஊசி குத்தி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் (ஹெச்பி) எவ்வளவு என்று பார்ப்பார்கள். 'ஹெச்பி ஒன்பதுதான் இருக்கு' என்று சொல்லிக்கொண்டே நர்சம்மா ஒரு சிவப்பு மாத்திரை அட்டையை நீட்டுவார். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று. பிரசவம் வரை 180, பிறகு ஒரு 180. ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். அட்டையில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் வீட்டில் அது 'சத்து மாத்திரை'தான். அந்த 60 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் முன்னூறு ஆண்டுகளுக்கும் மேலே பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

சேலத்துக்காரர்களுக்கு இரும்பு புதிதல்ல. ஊருக்கு மேற்கே நிற்கும் கஞ்சமலை முழுக்க மாக்னடைட் என்ற இரும்புத் தாது. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830இல் பரங்கிப்பேட்டையில் உருக்காலை தொடங்கியது சேலத்துத் தாதுவை நம்பித்தான். 1970இல் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1981இல் உற்பத்தி தொடங்கியது. கஞ்சமலை அடிவாரத்திலேயே இருந்தாலும் அந்த ஆலை மலைத் தாதுவை உருக்குவதில்லை. அது பேர் வாங்கியது எவர்சில்வர் தகட்டுக்கு. அடுப்படியில் இரும்புச் சட்டி இருந்த இடத்துக்கும் எவர்சில்வர் வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை. மண்ணில் இரும்பு கிடப்பது வேறு, ரத்தத்தில் அது சேருவது வேறு.

சோகைக்கு இரும்பு கொடுக்கலாம் என்பது இங்கே பழைய அறிவு. அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் சித்த மருத்துவத்தில் வெளுப்புக்குத் தரும் மருந்துகள். அன்னபேதி என்பது ரசாயனப் பெயரில் ஃபெரஸ் சல்ஃபேட். அதை எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைத்துப் புடம் போட்டால் செக்கச்செவேலென்ற பொடியாகும். புடம் போடாத அதே உப்புதான் இன்றைய அரசு மாத்திரைக்கும் மூலப்பொருள்.

ஐரோப்பாவிலும் வெளுத்துப் போன இளம்பெண்கள் இருந்தார்கள். அங்கே அந்த நோய்க்கு குளோரோசிஸ் என்று பெயர். வயதுக்கு வந்த பெண்ணின் மனவாட்டம், காதல் ஏக்கம், கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றெல்லாம் வைத்தியர்களே எழுதிவைத்தார்கள். 1681இல் லண்டன் மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் அந்த நோய்க்கு இரும்புத்தூளை ஒயினில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். பலன் இருந்தது, கணக்கு இல்லை. எவ்வளவு கரைந்தது, எவ்வளவு உள்ளே போனது என்று யாரும் சொல்ல முடியாது. ரத்தத்திலேயே இரும்பு இருக்கிறது என்பது நிலைபெற்றதும் அதற்குப் பிறகுதான். 1740களில் இத்தாலியின் பொலோனியாவில் வின்சென்ஸோ மெங்கினி, ரத்தத்தை உலர்த்திச் சுட்டு எடுத்த தூளைக் காந்தம் இழுப்பதைக் காட்டினார்.

கணக்கோடு வந்த முதல் மாத்திரை 1832இல் பிறந்தது. தெற்குப் பிரான்சின் பொகேர் ஊர் மருத்துவர் பியேர் ப்ளோ, ஃபெரஸ் சல்ஃபேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் கலந்து உருட்டினார். ஒவ்வோர் உருண்டையிலும் இன்ன அளவு என்று வைத்து, நாளுக்கு நாள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார். குளோரோசிஸ் பெண்கள் தேறினார்கள். 'ப்ளோ மாத்திரை' நூறு ஆண்டு ஓடியது.

புகழ் வந்ததும் அளவு கெட்டது. மற்றவர்கள் இஷ்டத்துக்குக் குறைத்துக் கொடுத்தார்கள். கடையில் பழசாகி இறுகிய மாத்திரைகள் கரையாமலே வெளியேறின. பலன் குறையவே, சந்தேகம் மாத்திரை மேல் விழாமல் இரும்பின் மேலேயே விழுந்தது. 1880களில் குஸ்டாவ் ஃபான் பூங்கெ என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், உப்பாகக் கொடுக்கும் இரும்பை உடல் ஏற்காது, உணவிலுள்ள இரும்பையே ஏற்கும் என்று வாதிட்டார். எடின்பரோவில் ரால்ஃப் ஸ்டாக்மன் 1893இல் அதைச் சோதித்துப் பார்த்தார். குடலையே தொடாமல் தோலுக்கடியில் இரும்பு ஊசி போட்டார், பெண்கள் தேறினார்கள். இரும்பு உப்பு நேராகவே ரத்தமாகிறது என்பது அதோடு தெளிவானது.

மாத்திரையின் மறுபாதியான ஃபோலிக் அமிலத்தின் கதை நம் நாட்டில் நடந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகள் கடும் சோகையில் இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் தேடி 1928இல் இங்கிலாந்திலிருந்து வந்தார் லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர். 1929இல் சில மாதம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் ஆய்வு செய்தார். இது இரும்புக் குறையால் வரும் சோகை அல்ல, ரத்த அணுக்கள் ஊதிப் பெருக்கும் வேறொரு சோகை என்று கண்டார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைத் தேற்றியது. 1931இல் அதை வெளியிட்டார். ஈஸ்டில் இருந்த அந்தச் சத்துதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்று, 1945இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது.

இரண்டு பாதியும் ஒன்றாகி அரசாங்க மாத்திரையானது 1970இல். சோகைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரையை 100 நாள் கொடுக்கச் சொன்னது. 1980களின் நடுவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மதிப்பிட்டபோது சோகை குறைந்த பாடில்லை. பலருக்கு மாத்திரையே போய்ச் சேரவில்லை. கிடைத்தவர்களும் முழுதாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் இரும்பை 100 மில்லிகிராமாக ஏற்றினார்கள். 2018இல் 'சோகையற்ற பாரதம்' திட்டம் வந்தபோது மறுபடி 60க்கே இறக்கினார்கள். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை, கர்ப்பிணிக்குத் தினம் ஒரு சிவப்பு மாத்திரை என்ற நிறப் பிரிவினை அந்தத் திட்டத்தில் இருக்கிறது.

கூட்டிக் கொடுத்தால் ஏன் கூடுதலாகச் சேரவில்லை? ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருளை 2000-01 வாக்கில் கண்டுபிடித்தார்கள். இரும்பு உள்ளே வந்ததும் ஹெப்சிடின் ஏறி, குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் வழியை ரயில்வே கேட் போல இறக்கிவிடுகிறது. அந்தக் கேட் மறுபடி திறக்க ஒரு நாளுக்கு மேலாகிறது. அதற்குள் விழுங்கும் அடுத்த மாத்திரையில் பெரும்பகுதி குடலிலேயே நின்று குமட்டலையும் மலச்சிக்கலையும் தருகிறது. சூரிச் ஆய்வாளர்கள் 2017இல் 60 மில்லிகிராம் மாத்திரையை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் சாப்பிட்ட பெண்களின் உடல் அதில் 16.3 சதவீத இரும்பை ஏற்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டவர்களுக்கு 21.8 சதவீதம். கர்ப்பமில்லாத, இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களிடம் நடந்த ஆய்வு அது. ஆகவே கர்ப்பிணிகள் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு இன்றும் தினம் ஒன்றுதான்.

மாத்திரையைத் தூக்கிப்போடப் பெண்களுக்குக் காரணங்கள் உண்டு. 'கொமட்டுது', 'வெளிக்கிக் கறுப்பாப் போகுது', 'கொழந்த கறுப்பாப் பொறக்கும்'. மூன்றாவது வெறும் பயம். இரண்டாவது உண்மை, ஆனால் கெடுதல் இல்லை. உடல் ஏற்காத இரும்பு வெளியேறும் நிறம் அது. முதலாவதுக்கு வழி இருக்கிறது: சாப்பாட்டுக்குப் பின்னோ இரவிலோ சாப்பிடலாம். எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் இரும்பு சேர உதவும். காபி, டீ, கால்சியம் மாத்திரை இவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ஹெச்பி ஏறியதும் நிறுத்தினால் சேமிப்பு நிரம்பாது. இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அதிகமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இரும்பு சேருமா என்ற கேள்வி 1893இலேயே முடிந்தது. எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்பது இன்னும் முடியவில்லை. 60 நூறாகி, நூறு 60 ஆனதே சாட்சி. அரசாங்கமே இரண்டு தடவை மாற்றிய அளவு அது. ஒத்துக்கொள்ளாத பெண், அட்டையை மறைவாகக் குப்பையில் போடுவதற்குப் பதில் 'எனக்கு ஒத்துக்கல, வேற மாதிரி குடுங்க' என்று நர்சம்மாவிடம் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சிரப் இருக்கிறது, ஊசி இருக்கிறது, வேறு அளவும் இருக்கிறது.