காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள்

இரவில் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. உடனே தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாகச் சூடாக்கி இரண்டு சொட்டு விடுகிறோம். சிறிது நேரத்தில் குழந்தை தூங்கிவிடுகிறது. காலையில் தலையணையில் மஞ்சள் கறை. "சீழ் வெளியே வந்துவிட்டது, இனி சரியாகிவிடும்" என்று இருந்துவிடுகிறோம். ஆனால் பெரும்பாலும் நடந்திருப்பது வேறு. உள்ளே சேர்ந்த சீழின் அழுத்தத்தால் செவிப்பறை கிழிந்திருக்கிறது. வலி நின்றதற்குக் காரணம் அதுதான், எண்ணெய் அல்ல.

நடுக்காதையும் மூக்கின் பின்பகுதியையும் யூஸ்டேஷியன் என்ற சிறு குழாய் இணைக்கிறது. குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால், சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். தேங்கிய நீரில் கிருமி வளர்ந்து சீழாகிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை இது அதிகம். படுக்கவைத்துப் பாட்டிலில் பால் கொடுப்பதும் வீட்டுக்குள் சிகரெட், பீடி புகைப்பதும் இதைக் கூட்டும்.

வெளிக்காதில் வருவது வேறு வகை. பட்ஸ், ஹேர்பின், சாவி என்று கிடைத்ததை விட்டுக் குடைவதால் தோல் கீறி, கிருமி நுழைகிறது. காது மடலை இழுத்தால் உயிர் போகிற மாதிரி வலித்தால் பெரும்பாலும் இந்த வகைதான். கட்டுமாவடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். அதற்கு அடையாளம் தாங்க முடியாத அரிப்பு.

மருத்துவர் ஓட்டோஸ்கோப் என்ற விளக்குக் கருவியால் செவிப்பறையைப் பார்ப்பார். நல்ல செவிப்பறை முத்துச் சாம்பல் நிறத்தில் இருக்கும். நோய் வந்தது சிவந்து புடைத்திருக்கும். பார்க்காமல் மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுவது ஆபத்து. ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் கிழிந்த செவிப்பறை வழியாக உள்காதுக்குப் போனால் கேட்கும் திறனையே கெடுத்துவிடும்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். இரண்டு வயதுக்கு மேல், நோய் லேசாக இருந்தால் மருத்துவர் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லலாம். சிறு குழந்தை, கடும் காய்ச்சல், சீழ் என்றால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். பாதியில் நிறுத்த வேண்டாம்.

சீழ் இரண்டு வாரத்துக்கு மேல் வடிந்தால், வலி இல்லாவிட்டாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். வலி இல்லை என்பதாலேயே வருடக்கணக்கில் விட்டவர்கள் நம் ஊர்களில் அதிகம். டிவி சத்தத்தைக் கூட்டும் பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் திட்டுவதற்கு முன் காதைச் சோதியுங்கள். ஆறாத ஓட்டையை அறுவை சிகிச்சையில் அடைக்க முடியும். அதுவரை குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்ள வேண்டும். ஒளுவில் ஈரவிரலால் தடவும் நீர் அவ்வளவு உள்ளே போகாது.

காதின் பின்புறம் வீங்கி மடல் முன்தள்ளினாலோ, வாய் கோணினாலோ, தலைசுற்றலோ கடும் தலைவலியுடன் வாந்தியோ இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கு இரவில் தூங்கவிடாத காதுவலி வந்தாலும் அப்படியே. அது எலும்பு வரை பரவக்கூடியது.

நடுக்காது நோய்க்கு முக்கியக் காரணமான நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசி 2021 முதல் தமிழகத்தில் அரசு அட்டவணையில் இலவசம்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். தடுப்பூசி அட்டையை எடுத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.