விரிவுரையும் வினாவும்: புனே வானொலி உழவர் மன்றச் சோதனை (1956)

முன்னுரை
முதியோர் கல்வியிலும் தொலைநிலைக் கல்வியிலும் விரிவுரையே நெடுங்காலமாக முதன்மைக் கற்பித்தல் முறையாக இருந்து வருகிறது. ஒருவர் கூறப் பலர் கேட்கும் இம்முறை குறைந்த செலவில் மிகுதியானோரைச் சென்றடையும். ஆயினும் சென்றடைதலும் கற்றலும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை இந்தியச் சூழலில் தெளிவாகக் காட்டிய தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்றாகப் புனே வானொலி உழவர் மன்றச் சோதனையைக் கருதலாம்.

சோதனையின் அமைப்பு
கனடாவில் 1941ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற உழவர் வானொலி மன்றங்களே இம்முயற்சிக்கு முன்மாதிரியாகும். யுனெஸ்கோவின் துணையுடன் அகில இந்திய வானொலி 1956இல் அன்றைய பம்பாய் மாநிலத்தின் மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் 150 ஊர்களில் மன்றங்களை அமைத்தது. வேளாண்மை, உடல்நலம், எழுத்தறிவு முதலிய பொருள்கள் பற்றி வாரம் இருமுறையாக 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. உறுப்பினர்கள் ஓரிடத்தில் கூடிக் கேட்டனர், பின்னர்க் கலந்துரையாடினர், தம் ஐயங்களை நிலையத்திற்கு எழுதி அனுப்பினர்.

மதிப்பீடு
டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் சார்பில் பால் நியூராத் இச்சோதனையை மதிப்பிட்டார். மன்ற ஊர்களோடு, வானொலி இருந்தும் மன்றம் அமையாத ஊர்களும் வானொலியே இல்லாத ஊர்களும் ஒப்பிடப்பட்டன. நிகழ்ச்சிகளுக்கு முன்னும் பின்னும் மக்களின் அறிவு அளவிடப்பட்டது. மன்ற ஊர்களில் அறிவு வளர்ச்சி பெரிதாக இருந்தது. மன்றம் இல்லாத ஊர்களில் அது மிகக் குறைவாகவே காணப்பட்டது. வானொலிப் பெட்டி இருந்தமை மட்டும் போதுமானதாக அமையவில்லை. ஜே.சி. மாத்தூரும் நியூராத்தும் எழுதிய ஆய்வறிக்கையை யுனெஸ்கோ 1959இல் வெளியிட்டது. அவ்வாண்டிலேயே மன்றத் திட்டம் நாடளவில் விரிவாக்கப்பட்டது.

விரிவுரையின் எல்லை
முதியோர் தம் தொழிலறிவோடும் பட்டறிவோடும் கற்க வருகின்றனர். புதிய செய்தி ஒன்று தம் நிலத்திற்கும் நீர்வளத்திற்கும் கடன்சுமைக்கும் பொருந்துமா என்பதே அவர்தம் முதல் வினாவாகும். விரிவுரையாளர் இவ்வினாவைக் கேட்பதற்கு வழியில்லை. கேளாத வினாவிற்கு விடையும் இல்லை. மன்றத்தில் அண்டை உழவரே அதற்கு விடை கூறவும் மறுக்கவும் முடிந்தது.

எனினும் இச்சான்றினை அளவோடு கொள்ளுதல் வேண்டும். பத்து வாரச் சோதனை, பெற்ற அறிவு எவ்வளவு காலம் நிலைத்தது என்பதைக் காட்டாது. மேலும், விரிவுரை பயனற்றது என்பதும் இதன் முடிவன்று. ஒலிபரப்பு இன்றிக் கலந்துரையாடலுக்குப் பொருளே இல்லை. குறை விரிவுரையில் அன்று, அதனோடு கற்பித்தல் முடிந்துவிட்டதாகக் கொள்வதில் உள்ளது.

முடிவுரை
1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அச்சுப்பாடம், வானொலி, தொலைக்காட்சி, காணொலி என ஊடகங்கள் மாறியுள்ளன. ஆனால் நேர்முக வகுப்பும் மற்றொரு விரிவுரையாகவே நிகழுமாயின், தொலைவு குறைவதில்லை. பதிவு செய்த விரிவுரைகள் பெருகியுள்ள இக்காலத்தில், எத்தனை பேர் கேட்டனர் என்னும் கணக்கோடு, எத்தனை பேர் வினவினர், அவ்வினாக்களுக்கு விடை கிடைத்ததா என்பனவும் மதிப்பீட்டில் இடம்பெறல் வேண்டும் என்பதே புனே சோதனை உணர்த்தும் பாடமாகும்.