அல்லி கதையும் குறிச்சொற்களும்: மலையக வாசிப்பு மரபு பற்றிய சில குறிப்புகள்

ஒரு கதையில் ஈடுபட்ட வாசகர், அதன் மாந்தரை எடுத்துக்கொண்டு தாமே பிறிதொரு கதை புனைவதை இன்று 'இரசிகர் புனைகதை' என்பர். இத்தகைய ஆக்கங்களின் பெருங் களஞ்சியங்களுள் ஒன்று, 2009 இல் பொது வாசகருக்குத் திறக்கப்பட்ட 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' ஆகும். அங்கு ஆசிரியர் பெயரைக் கொண்டு மட்டும் எவரும் கதை தேடுவதில்லை. மாந்தர் யாவர், அவரிடை உறவு யாது, முடிவு இன்பமா துன்பமா என்பவற்றை உணர்த்தும் குறிச்சொற்களே வாசகருக்கு வழிகாட்டுகின்றன. இதனை முற்றிலும் புதியதொரு தோற்றப்பாடு எனக் கொள்வோர் உளர். இலக்கியமே அன்று எனத் தள்ளுவோரும் உளர். இவ்விரு சாராரும் வரலாற்றை மறந்தவர்கள் என்பதே எமது கருத்து. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் கதை மரபை நோக்கின் இது புலனாகும்.

தோட்ட லயங்களில் வாசிக்கப்பட்ட நூல்களைப் பற்றிப் பேசுமிடத்து, 'பெரிய எழுத்து' நூல்களையே முதலிற் குறிப்பிடல் வேண்டும். சென்னை அச்சகங்கள் மலிவு விலையில் வெளியிட்ட அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை முதலியன இவ்வகையின. எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். அல்லி கதையின் அமைப்பு நோக்கற்பாலது. அருச்சுனன் வியாச பாரதத்தின் மாந்தன். ஆனால், மதுரையை ஆண்டு, ஆடவரை அண்டவிடாது, பெண்படை நடத்தும் அல்லியை அங்குக் காணோம். பாரதத்தை நெடுங்காலம் கேட்டுவந்த மக்கள், தாம் அறிந்த நாயகனைத் தம் நாட்டுக்கே அழைத்து வந்து, அவனை எதிர்த்து நிற்கும் ஓர் அரசியையும் படைத்துக்கொண்டனர். நூலின் முகப்பில் புகழேந்திப் புலவர் பெயர் பொறிக்கப்பட்டிருப்பினும், நளவெண்பா பாடிய புலவர் இதனைப் பாடினார் என்பதை ஆய்வாளர் ஏற்பதில்லை. அப்பெயர் ஓர் அலங்காரமே, கதை மக்களுடையது.

இங்குக் கிட்டும் இன்பம் எத்தகையது? 'அடுத்து என்ன நிகழும்' என்னும் ஆவல் இதன் அடிப்படையன்று. அருச்சுனன் பாம்பு வடிவெடுத்து, உறங்கும் அல்லிக்குத் தாலி கட்டுவான் என்பதைக் கேட்போர் முன்னரே அறிவர். அறிந்ததை மீண்டும் கேட்கையில், இம்முறை அது எவ்வாறு சொல்லப்படுகின்றது, எவ்விடத்து நீட்டப்படுகின்றது, யார்பக்கம் நின்று பாடப்படுகின்றது என்பனவே சுவை தருகின்றன. கங்காணியின் அதட்டலுக்குள் பகலெல்லாம் கொழுந்து கொய்த பெண், ஆடவனுக்கு அடங்காத ஓர் அரசியின் கதையை மாலையிற் கேட்டாள் எனின், அதனை வெறும் பொழுதுபோக்கு எனல் பொருந்தாது. எனினும் இதனை மிகைப்படுத்தலும் தவறாகும். கதை முடிவில் அல்லி அடக்கப்படுகின்றாள். நிலவுடைமைச் சமூகத்தின் கருத்தியல் அவளையும் விட்டுவைக்கவில்லை. அடங்காமையின் இன்பமும் அடங்கலின் நியதியும் ஒரே பிரதியில் முரண்பட்டு நிற்றலே இதன் வரலாற்று உண்மை.

இனி, கதையைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். மாலை, அம்மானை, கும்மி, சிந்து எனத் தலைப்பிலேயே அமையும் சொற்கள் இலக்கண வகைப்பாடுகள் மட்டுமல்ல. 'கும்மி' என்றால் பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடுவதற்குரியது. 'அல்லி' என்றால் அருச்சுனனின் காதல் வலிமை சோதிக்கப்படும் கதை. 'பெரிய எழுத்து' என்பதோ அண்மையில் எழுத்துக் கூட்டக் கற்றவரும் மங்கிய விளக்கொளியில் வாசிக்கலாம் என்னும் அறிவித்தல். பாட்டுப் புத்தகங்களிற் பாடலின் தலையில் அச்சிடப்படும் 'இன்ன மெட்டு' என்னும் குறிப்பும் இத்தகையதே. இக்குறிகள் யாவும் நூலின் பயன்பாட்டைச் சுட்டுகின்றன. நூலை உடைமைப் பொருளாக நோக்குபவன் ஆசிரியன் பெயரை முன்வைப்பான். பயன்படுத்துவோர் குறியை முன்வைப்பர்.

மாசி மாதத்திற் காமன் ஊன்றித் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தும் இவ்வகையில் ஆராயத்தக்கது. சிவன் எரித்த மன்மதனின் கதை யாவரும் அறிந்ததே. ஆயினும் இரதியின் புலம்பலுக்காகவே மக்கள் விழித்திருக்கின்றனர். தமிழகத்தின் தஞ்சைப் பகுதியில் இதே கதையை வைத்து, காமன் எரிந்தான் எனவும் எரியவில்லை எனவும் இரு கட்சிகள் லாவணி பாடி வாதிட்டன. 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்னும் பெயர்களைக் கேட்டதும் தமக்கு வேண்டிய முடிவு எங்குள்ளது என்பது சுவைஞருக்கு விளங்கிவிடும். இன்றைய இரசிகர் புனைகதையின் குறிச்சொல் செய்யும் பணியும் இதுவன்றோ?

இக்குறிகளின் ஆற்றலை மூலதனமும் அறிந்திருந்தது. 1869 இல் ஆபிரகாம் ஜோசப் என்பார் வெளியிட்ட 'கோப்பிக் கிருஷிக் கும்மி', கோப்பிச் செய்கையைக் கும்மியாகப் பாடியது. உழைப்போரின் ஆட்டப்பாட்டு உற்பத்தியைப் பெருக்கும் கருவியாக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே கோப்பியை அழிக்கவிருந்த இலைநோய் இலங்கையிற் கண்டறியப்பட்டமை வரலாற்றின் முரணகை எனலாம். எழுபது ஆண்டுகளின் பின் வடிவம் மீட்கப்பட்டது. கோ. நடேசய்யருடன் தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்ட மீனாட்சியம்மாள், 1940 இல் வெளிவந்த தம் பாடல்களை மக்கள் அறிந்த மெட்டுகளில் அமைத்தார். மெட்டு பழையது, பொருள் தொழிலாளர் உரிமை. தெரிந்த மெட்டைப் பாட வாய் திறந்தவர் தெரியாத அரசியலையும் பாடினார்.

இம்மக்கள்மீது வேறு குறிகளும் சுமத்தப்பட்டன என்பதை இவ்விடத்து மறத்தலாகாது. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு அவர்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனியே வகைப்படுத்தியது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதற்கென ஒதுக்கியது. நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 இலும் தேவைப்பட்டது. இங்குக் குறி ஆளைத் தேடிப்பிடித்துப் பிரிக்கும் கருவி. லயத்து வாசகர் 'அல்லி' எனவும் 'கும்மி' எனவும் கேட்டபோது, குறி தாம் விரும்பியதைத் தாமே தெரியும் உரிமையாயிற்று. 'மலையகத் தமிழர்' என்று அவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயரும் இவ்வுரிமையின் தொடர்ச்சியே.

இதிலிருந்து எமக்கொரு கடமை எழுகின்றது. கப்பலேறித் தாயகம் திரும்பிய குடும்பங்கள் எத்தனை நூல்களையும் கூத்துப் பிரதிகளையும் கைவிட்டுச் சென்றன என்பதற்குக் கணக்கில்லை. எஞ்சியவற்றை 'நாட்டாரிலக்கியம்' என்னும் ஒரே தலைப்பின் கீழ் அடுக்குவதோடு எமது பல்கலைக்கழக நூலகங்கள் அமைதல் ஆகாது. முற்கூறிய களஞ்சியத்திற் தொண்டர்கள், எழுதியவர் இட்ட குறிச்சொல்லை அழிக்காது, அதனை ஒத்த ஏனைய சொற்களுடன் பின்னணியில் இணைத்து வைக்கின்றனர். அம்முறையை நாமும் கைக்கொள்ளலாம். எந்த மெட்டு, எந்த மாந்தர், யார் ஆடியது, எந்தத் தோட்டத்திற் பாடியது என்னும் மக்களின் குறிகளைப் பட்டியலில் ஏற்றுவோமாயின், அல்லியைத் தேடிவரும் நாளைய வாசகர் அவளைக் கண்டடைவர். அவளை விரும்பிக் கேட்டவர்களையும் உடன் கண்டடைவர்.